லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜினுக்கு ஃபிளஷ் தேவையா?

லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய காரை ஆயில் மாற்ற விட்டால் ஒரு கேள்வி தவறாமல் வரும். “சார், பழைய ஆயிலை எறக்குறதுக்கு முன்னாடி ஒரு ஃபிளஷ் போட்டுடலாமா? உள்ள இருக்கற அழுக்கு மொத்தமும் வந்துடும்.” சில நூறு ரூபாய்க் குப்பி, பத்து நிமிட வேலை. வேண்டாம் என்றால் வண்டியைக் கவனிக்காதவர் ஆகிவிடுவோமோ, சரி என்றால் நன்றாக ஓடும் இன்ஜினைக் கெடுத்துக்கொள்வோமோ என்று பலரும் இரண்டு மனமாக நிற்பது இங்கேதான். மூன்று விஷயங்கள் தெரிந்தால் குழப்பம் பெருமளவு தீரும்: அழுக்கு எங்கே உட்கார்ந்திருக்கிறது, ஊற்றும் மருந்து அந்த இடம்வரை போகுமா, அங்கிருந்து கழன்ற அழுக்கு எந்த வழியாக வெளியே வரும். குப்பிமேல் முதல் இரண்டைப் பற்றி அரைகுறையாக ஏதாவது எழுதியிருக்கும். மூன்றாவதைப் பற்றிப் பெரும்பாலும் பேச்சே இருக்காது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். ஆனால் எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு, நீராவியும் எரியாத பெட்ரோலும் கரியுமாக, பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியே கீழே ஆயில் சேம்பருக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். புது இன்ஜினிலும் இது உண்டு. தேய்ந்த இன்ஜினில் கூடுதல். ஒர்க்‌ஷாப்பில் “பேக் கம்ப்ரஷன் வருது” என்பது இதைத்தான். வண்டி அரை மணி, முக்கால் மணி தொடர்ந்து ஓடி ஆயில் நன்றாகச் சூடேறினால் அந்தத் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகும். பிசிவி வால்வு வழியாக இன்ஜினே அதைத் திரும்ப இழுத்து எரித்துவிடும். பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு இரண்டு கிலோமீட்டரில் வீடு திரும்பும் வண்டிக்கு அந்தச் சூடு ஏறுவதே இல்லை. அதோடு ஆயில் மாற்றும் தவணையும் தள்ளிப்போனால், சூட்டிலும் காற்றிலும் கெட்ட ஆயில், தண்ணீர், கரி மூன்றும் கூடித் தார் மாதிரி ஒரு கறுப்புப் பசையாகிவிடும். இதற்கு ஸ்லட்ஜ் என்று பெயர். ஆகவே சாலைக்குச் சாலை ஓடி இரண்டு லட்சம் கண்ட டிராவல்ஸ் வண்டியின் இன்ஜின், ஊருக்குள்ளேயே உருண்டு அறுபதாயிரம் கண்ட வண்டியைவிடச் சுத்தமாக இருக்கலாம். மீட்டரை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில் அர்த்தமில்லை.

இன்ஜின் ஆயிலே ஒரு கழுவும் திரவம்தான் என்பது பலருக்குத் தெரியாது. ஆயில் கேனில் இருப்பது வெறும் எண்ணெய் அல்ல. கால்சியம், மக்னீசியம் உப்புகளால் ஆன டிடெர்ஜென்ட் அதில் உண்டு. சூடான உலோகத்தில் கறை ஒட்டாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. டிஸ்பெர்சென்ட் என்று இன்னொன்று, கரித்துகள்கள் ஒன்றுகூடிக் கட்டியாகாமல் ஆயிலிலேயே மிதக்கவைக்கும். தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகச் சேர்மமும் உண்டு. டீசல் வண்டியில் ஆயில் மாற்றி நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் டிப் ஸ்டிக் கறுப்பாக வருகிறதே என்று பதறுகிறவர்கள் உண்டு. ஆயில் கெட்டுப்போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை; கரியைத் தன்னில் ஏற்றிக்கொள்ளும் வேலையை அது செய்துகொண்டிருக்கிறது. ஃபிளஷ் போட்டபின் டிரெயின் நட்டைக் கழற்றி, கொட்டுகிற கறுப்புத் தண்ணியைக் காட்டி “பாருங்க சார், எவ்ளோ அழுக்கு!” என்பார்களே, அதை நம்பிப் பயனில்லை. ஃபிளஷ் போடாமல் கழற்றியிருந்தாலும் கறுப்பாகத்தான் கொட்டியிருக்கும்.

சரி, ஃபிளஷ் குப்பியில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த மெல்லிய பெட்ரோலியக் கரைப்பான்; அதோடு கூடுதலாக டிடெர்ஜென்ட். வழக்கமாக 300 மில்லி அளவில் வரும். சூடான இன்ஜினில் இருக்கும் பழைய ஆயிலோடு கலந்து, பத்து நிமிடம்போல ஐடிலில் ஓடவிட்டு, எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, ஃபில்டரையும் மாற்றச் சொல்வார்கள். சிறிய காரில் மொத்த ஆயிலே மூன்று, மூன்றரை லிட்டர்தான். அதில் 300 மில்லி கரைப்பான் கலந்தால் ஆயில் கணிசமாக நீர்த்துப்போகும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் இருக்கும் ஆயில் படலம் மெலியும். அந்தப் பத்து நிமிடத்தில் வண்டியை நகர்த்தாதே, ரேஸ் பண்ணாதே என்று குப்பியில் எழுதியிருப்பது இதனால்தான். ஆனால் அதை ஊற்றியதும் “நல்லா கலக்கட்டும்” என்று ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற கை தேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து வண்டியைக் காப்பாற்றுவது தனிக் கலை.

இனி அந்த மூன்றாவது கேள்வி. ஆயில் சேம்பரின் அடியில், ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சின்ன வலை ஸ்ட்ரைனர் இருக்கிறது. இன்ஜின் முழுவதற்கும் போகும் ஆயில் அதற்குள் நுழைந்துதான் ஆகவேண்டும். கவனிக்க: ஃபில்டர் இதற்கு அடுத்துத்தான் வருகிறது. மேலே டேப்பட் கவருக்குள் பல வருடமாக அப்பிக்கிடந்த ஸ்லட்ஜை ஒரு கரைப்பான் திடீரென்று இளக்கிவிட்டால் அது முழுக்கக் கரைந்து தண்ணீராக ஓடுவதில்லை; செதிலாக, கட்டியாகப் பெயர்ந்து கீழே வரும். ஆறிய பாலின் ஆடை டீ வடிகட்டியை அடைத்துக்கொள்வதுபோல அந்த வலையில் போய் அப்பிக்கொள்ளும். டேஷ்போர்டில் சிவப்பாக ஆயில் லைட் எரியும். அதைப் பார்த்தும் நாலு தெரு தள்ளியிருக்கும் ஒர்க்‌ஷாப் வரைக்கும் ஓட்டிப்போய்விடலாம் என்று நினைத்தால் பேரிங் போய்விடும், சில சமயம் கிராங்கும். டர்போ இருந்தால் அதன் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் ஆயில் படலத்தின் மீது மிதந்தபடி சுற்றுகிறது. அதற்கு ஆயில் போகும் குழாயோ விரல் தடிமன்கூட இல்லை.

மாருதி ஸ்விஃப்ட், டிசைர், டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று பல வண்டிகளில் வந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்டு சந்தையில் இன்றைக்கும் குவிந்து கிடக்கிற இன்ஜின். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் அதில் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது; டர்போவும் உண்டு. ஆயில் அழுத்தம் குறைந்தால் முதலில் அடி வாங்குவது இந்த மாதிரி பாகங்கள்தான். அம்பாசடர், பத்மினி காலத்து மெக்கானிக்குகள் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி இன்ஜினை ஓடவிட்டுக் கழுவினார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். உண்மைதான். அந்த இன்ஜின்களில் டர்போ கிடையாது, ஆயில் அழுத்தத்தால் இயங்கும் வால்வு டைமிங் அமைப்பு கிடையாது, வழிகளும் அகலம். அதே வைத்தியத்தை இன்றைய இன்ஜினுக்குச் செய்ய வேண்டாம்.

ஆக, நிலைமை கொஞ்சம் வேடிக்கையானது. ஒழுங்காக ஆயில் மாற்றிய இன்ஜினுக்கு ஃபிளஷ் போட்டால் ஆபத்து குறைவு, ஆனால் கழுவ அங்கே பெரிதாக எதுவும் இல்லை. ஸ்லட்ஜ் அப்பிய இன்ஜினுக்குத்தான் கழுவல் தேவை, அங்கேதான் அது ஆளை விழுத்தும். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு இடம் இருக்கிறது: லேசாகப் பழுப்புக் கறை படிந்த, தவணை ஒன்றிரண்டு தாமதமான, மற்றபடி நல்ல இன்ஜின். ஃபிளஷ் உருப்படியாக உதவுவது அங்கேதான்.

உங்கள் வண்டி எந்த வகை என்று பார்க்க ஒரு டார்ச் போதும். இன்ஜின் ஆறியபின் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுங்கள். மூடியின் அடிப்பாகத்தைத் துணியால் துடைக்குமுன் பாருங்கள். பிறகு அந்த ஓட்டைக்குள் டார்ச்சைச் சாய்த்து அடித்துக் கேம் ஷாஃப்டையும் சுற்றியுள்ள சுவரையும் பாருங்கள். உலோகம் உலோகமாகவே தெரிந்தாலோ, தேன் நிறத்தில் ஒரு பளபளப்பு மட்டும் இருந்தாலோ கவலை இல்லை. அந்தத் தேன்நிறப் படலம் யாரையும் ஒன்றும் செய்யாது. விரலை விட்டால் வழித்தெடுக்கிற அளவுக்குக் கறுப்புப் பசையோ, கருகிய செதிலோ இருந்தால் ஃபிளஷ் குப்பியைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள். மூடியின் அடியில் மோர்க்குழம்பு நிறத்தில் வெளிர்நுரை இருந்தால் அது ஈரம். குளிர்ந்த நாளில் குறைந்த ஓட்டத்தால் வந்ததாக இருக்கலாம், ஹெட் கேஸ்கெட் போயும் இருக்கலாம். கூலண்ட் குறைகிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும்.

ஸ்லட்ஜ் அப்பிய இன்ஜினை நிஜமாகவே சுத்தம் செய்ய வழி டேப்பட் கவரைக் கழற்றிக் கையால் வழித்தெடுப்பது, சேம்பரை இறக்கி ஸ்ட்ரைனரைக் கழுவி மாட்டுவது. கூலி ஆகும்தான். ஆனால் அழுக்கு வெளியே போனதைக் கண்ணால் பார்த்துக் கொடுக்கிற காசு அது. இறக்கிய கையோடு பிசிவி வால்வையும் மாற்றிவிடுங்கள். அடைத்துப்போன அந்தச் சின்னப் பாகத்தால் வருகிற ஸ்லட்ஜ் ஏராளம், அதை யாரும் சந்தேகிப்பதில்லை.

இதைவிட மெதுவான வழி ஒன்று உண்டு. எனக்குப் பிடித்ததும் அதுதான். கம்பெனி சொன்ன தரத்தில் நல்ல சிந்தெடிக் ஆயில் ஊற்றி, 10,000 கிலோமீட்டர் ஓட்டாமல் 3,000-லேயே ஃபில்டரோடு மாற்றுவது. இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் ஆயிலில் இருக்கும் டிடெர்ஜென்டே கறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுபோய்விடும். கட்டி கட்டியாகப் பெயர்வதில்லை என்பதால் ஸ்ட்ரைனர் அடைக்கும் பயம் மிகக் குறைவு. ஆயில் கம்பெனிகளே இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன: வால்வோலின் 2024-ல் அமெரிக்காவில் கொண்டுவந்த ஓர் ஆயில், பிஸ்டனில் படிந்த கரியைச் சில ஆயில் மாற்றங்களில் படிப்படியாக நீக்கும் என்று சொல்லித்தான் விற்கிறது.

அழுக்கையும் தேய்மானத்தையும் ஒன்றாக நினைப்பது இன்னொரு குழப்பம். ஆயில் குறைகிறது, நீலப் புகை வருகிறது என்றதும் ஃபிளஷ் போடச் சொல்வார்கள். புகை எப்போது வருகிறது என்று பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குபுக்கென்று ஒரு முறை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் ரப்பர் இறுகிப்போயிருக்கலாம். கரைப்பானால் ரப்பருக்கு இளமை திரும்பாது. அதிகம் ஓடிய வண்டிகளுக்கென்று விற்கும் ஆயில்களில் சீலை லேசாக உப்பவைக்கும் சேர்மானம் இருக்கும், அது ஓரளவு உதவலாம். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் புகை தொடர்ந்தால் ரிங் பக்கம் சந்தேகிக்க வேண்டும். ரிங் தேய்ந்து, போர் வாய் அகன்றிருந்தால் எந்தக் குப்பியும் அதை நிரப்பாது. ரிங் தேயாமல், கரி பிடித்துத் தன் பள்ளத்தில் சிக்கிக்கொண்டிருந்தால் மட்டும் மருந்துக்கு வேலை இருக்கிறது.

இதற்கு டொயோட்டாவின் கதை பொருத்தம். 2007 முதல் 2009 வரையிலான கேம்ரியில் வந்த 2.4 லிட்டர் இன்ஜின் அமெரிக்காவில் ஆயில் குடிப்பதாகப் புகார்கள் குவிந்தன. ஆயிலை வழித்துவிடும் ரிங் கரி பிடித்துச் சிக்கிக்கொண்டது. 1,200 மைலுக்கு ஒரு குவார்ட், அதாவது சுமார் 1,900 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக, ஆயில் போகிறதா என்று சோதித்து, போகிற வண்டிகளுக்குக் கம்பெனி திருத்திய பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றிக் கொடுத்தது. இன்ஜினை வடிவமைத்த கம்பெனியே அதற்கு ஒரு குப்பி போதும் என்று நினைக்கவில்லை. அதற்கும் முன்னால், 1997 முதல் 2002 வரை விற்ற சில டொயோட்டா, லெக்சஸ் இன்ஜின்களில் ஸ்லட்ஜ் பிரச்சினை வந்து, சுமார் 33 லட்சம் வண்டிகளுக்கு எட்டு வருடப் பாதுகாப்பு தரவேண்டியதாயிற்று. நம்பகத்துக்குப் பேர்போன கம்பெனிக்கே இந்தக் கதி.

சிக்கிய ரிங்கை விடுவிக்க ஃபிளஷ் அவ்வளவாக உதவாததற்குக் காரணம் எளிது. ரிங் பள்ளம் ஆயிலில் ஊறிக்கிடக்கும் இடமல்ல, தெறித்துப் படும் இடம். பத்து நிமிடத் தெறிப்பில் இறுகிய கரி இளகாது. அதற்கென்று ஓர் ஊறவைக்கும் முறை இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகப் பிஸ்டன் தலைமேல் கரைப்பானை ஊற்றி, ஓர் இரவு அப்படியே விட வேண்டும். அது ரிங் வழியாக மெதுவாகக் கசிந்து சேம்பருக்குள் இறங்கும். மறுநாள் பிளக்கை மாட்டாமலே செல்ஃப் அடித்து, மிச்சத் திரவத்தை வெளியே துப்பவைக்க வேண்டும். மாட்டிவிட்டு அடித்தால் திரவம் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதன்பின் ஆயிலும் ஃபில்டரும் கட்டாயம் மாற்ற வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் தெருவே மறையப் புகை வரும், பக்கத்து வீட்டில் சொல்லிவைப்பது நல்லது. இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் கடைசியாக முயன்று பார்க்கத் தகுந்த வேலை இது. முன்னாலும் பின்னாலும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தால் பலன் உண்டா இல்லையா என்பது எண்ணிலேயே தெரிந்துவிடும்.

கார் கம்பெனிகள் என்ன சொல்கின்றன? ஹோண்டாவின் கையேடுகள் ஆயிலில் எந்தச் சேர்மானமும் தேவையில்லை, அது இன்ஜினைப் பாதிக்கலாம் என்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸ் கையேடுகள் இன்னும் கறார்: ஃபிளஷ் பரிந்துரைக்கப்படுவதில்லை, அதனால் வரும் சேதம் வாரண்டியில் வராது. லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிக்கு வாரண்டி எங்கே இருக்கப்போகிறது என்று கேட்கலாம். ஆனால் அறிவுரை பொருந்தும். இன்ஜினுக்குள் ஊற்றும் குப்பிகளின் விளம்பரத்தைப் பற்றியும் ஒரு பழைய பாடம் உண்டு. தேய்மானத்தைக் குறைக்கும் என்று விற்ற ஸ்லிக் 50 மீது, அந்தப் பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 1997-ல் அது சமரசத்தில் முடிந்தது. அது பூச்சு வகை, கழுவும் வகை அல்ல. ஆனாலும் விற்கும் பேச்சு ஒரே மாதிரிதான்.

பெட்ரோல் டேங்கில் ஊற்றும் கிளீனர் வேறு சங்கதி. அது ஆயில் பக்கம் வேலை செய்வதில்லை. இன்ஜெக்டரையும், பெட்ரோல் படும் வால்வின் முதுகையும், எரியும் அறையையும் கழுவுகிறது. பாலிஈதர்அமைன் என்ற பொருள் போதிய அளவு இருந்தால் நிஜமாகவே பலன் தரும். ஆனால் பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும் இன்ஜின்களில், அதாவது டிஎஸ்ஐ, டர்போ ஜிடிஐ, பூஸ்டர்ஜெட் போன்றவற்றில், பெட்ரோல் இன்டேக் வால்வைத் தொடுவதே இல்லை. டேங்கில் எதை ஊற்றினாலும் அந்த வால்வின் கரி அசையாது. அதற்கு மேனிஃபோல்டைக் கழற்றி, பொடித்த வால்நட் ஓட்டைக் காற்றழுத்தத்தில் அடித்துக் கரியைப் பெயர்க்கிறார்கள். எரிந்த புகையில் ஒரு பங்கை மீண்டும் இன்டேக்குக்கே அனுப்பும் ஈஜிஆர் உள்ள டீசல்களில் இன்டேக் மேனிஃபோல்டில் அப்பும் கரியும் இப்படித்தான்: கழற்றித்தான் கழுவ வேண்டும். சர்வீஸ் சென்டரில் ஹைட்ரஜன் டீகார்பனைசிங் என்று விற்பதையும் தொடக்கத்தில் சொன்ன அந்த மூன்று கேள்விகளால் சோதித்துப் பாருங்கள். உள்ளே போகும் வாயு ஆயில் சேம்பரை எட்டுவதில்லை. கேமராவை விட்டு முன்பின் படம் காட்டச் சொன்னால் பேச்சு எங்கே போகிறது என்று தெரியும்.

அன்றாடம் போடும் பெட்ரோலே கொஞ்சம் கழுவுகிறது. அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு 2016-ல் சோதித்தபோது, கழுவும் சேர்மானம் குறைந்த பெட்ரோலில் ஓடிய இன்ஜினில், உயர்தரப் பெட்ரோலில் ஓடியதைவிடச் சராசரியாக 19 மடங்கு படிவு இருந்தது. டேங்க் கிளீனர் போடுவதென்றால் ஆயில் மாற்றுவதற்குச் சற்று முன்னால் போடுங்கள். அதில் எரியாத ஒரு பங்கு ரிங் வழியே ஆயிலில் இறங்கும். அடுத்த வாரமே அந்த ஆயிலும் போய்விட்டால் கவலையில்லை.

எல்லாம் பார்த்தபின்னும் ஃபிளஷ் போடுவதென்று முடிவானால் அருகிலேயே நில்லுங்கள். குப்பியில் சொன்ன நிமிடத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது, ரேஸ் பண்ணக் கூடாது, ஆயில் லைட் மினுக்கினால் அந்த நொடியே சாவியைத் திருப்ப வேண்டும். இறக்கும்போது கொஞ்சம் பழைய திரவம் உள்ளேயே தங்கும் என்பதால் நட்டை அவசரமாக மாட்டாமல் சொட்டு நிற்கும்வரை விட வேண்டும். கழற்றிய ஃபில்டரை வெட்டி, மடிப்பை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்புத் துகள் இருந்தால் கழுவல் நடந்திருக்கிறது. மினுமினுக்கும் உலோகத் தூள் இருந்தால் பேச வேண்டியது அழுக்கைப் பற்றி அல்ல, பேரிங்கைப் பற்றி. அதன்பின் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு வாரம் ஒருமுறை, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் பண்ணுமுன் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். கேரேஜ் தரையில் புதிதாகச் சொட்டு விழுகிறதா என்பதையும் பாருங்கள், அழுக்கு அடைத்துக் காத்துவந்த பழைய சீல் இப்போது கசியலாம். முதல் ஆயிலை 2,000, 3,000 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் இன்னமும் குறைகிறது என்றால் இன்ஜினைப் பிரிக்க ஆகும் செலவை விசாரிக்க வேண்டிய நேரம். இன்னொரு குப்பி வாங்கும் காசை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.